தம்பியை அடித்த அன்னம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு கொப்பியை மூடியவள் நான். மூத்தோர் சங்க மலருக்கு எல்லோரும் ஒரு சிறுவயது நினைவு எழுதித் தரவேண்டும் என்று சொன்னபோது, கடைசிக் கதிரையில் குனிந்துகொண்டு இருந்தேன். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன். மறதியும் இருக்கிறது. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் எனக்குச் சிறுவயது என்று பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. தம்பி பிறந்த கையோடு அப்பா காசநோய் வந்து படுத்துவிட்டார், அவன் நடக்கத் தொடங்குமுன் போயும்விட்டார். அம்மா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். தம்பி என் இடுப்பில் ஏறினான். அவன் இறங்கியபோது நான் பெரிய மனுசியாகிவிட்டிருந்தேன். ஆகவே என் உண்மையான சிறுவயது அறுபது தாண்டி, தம்பி என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டு, ஸ்காபரோவில் வந்து இறங்கிய பிறகுதான் தொடங்கியது.

சிரிக்காதீர்கள். நகரும் படியில் ஏற யாராவது என் கையைப் பிடிக்கவேண்டும். தெருவைத் தனியாகக் கடக்கக்கூடாது. குளிருக்கு ஜக்கெற் போட்டால் தம்பியின் மகள்தான் வந்து சிப்பை இழுத்து மூடிவிடுவாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. எனக்கு மருமகள் முறை. ஆனால் அந்த வீட்டில் எனக்குத் தாய் அவள்தான். “மாமி, ஸ்ரொப்!” என்றால் நான் நின்றுவிடுவேன். “மாமி, ரெட் லைற்!” என்றால் ஒற்றைக் காலை அப்படியே பின்னுக்கு எடுப்பேன்.

அந்தச் சிறுவயதில் நடந்தது இது.

நான் வந்த வருடம் ஆடி அமாவாசை வந்தது. இறந்துபோன தகப்பனுக்கு மகன் விரதம் இருக்கும் நாள். தம்பி பதினெட்டு வயதில் நாட்டை விட்டவன். அகதியாக ஒவ்வொரு நாடாக அலைந்து, பிறகு இங்கே வேலை வேலை என்று ஓடி, அப்பாவுக்கு ஒழுங்காக ஒரு அமாவாசை செய்ததில்லை. அக்கா நான் வந்துவிட்டேன் என்ற தைரியத்தில் இம்முறை முறையாகச் செய்யவேண்டும் என்று நின்றான். அன்றைக்குக் கட்டாயம் சமைக்கவேண்டிய காத்தோட்டிக்காய் தேடி மூன்று தமிழ்க் கடை ஏறி, ஐஸ்கட்டி பிடித்த ஒரு பொட்டலத்தோடு வந்தான்.

கோயிலில் ஐயர் கிரியை முடித்து, பிண்டச் சோற்றை வாழையிலையில் வைத்துத் தந்தார். அதைத் தண்ணீரில் விடவேண்டும். அது முடிந்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. காரில் ஏரிக்கரைக்குப் போனோம். ரூஜ் பக்கம், சிறு படகுகளைக் கொண்டுவந்து கட்டிவைக்கிற ஒரு இடம். ஏரிக்குள் நீளமாகப் பலகை மேடை ஒன்று போட்டிருந்தார்கள். மருமகள் அதை டொக் என்பாள். தம்பி அதன் நுனியில் குந்தியிருந்து சோற்றைத் தண்ணீரில் விட்டான்.

ஊரில் என்றால் காகம் வந்து தொடும். அப்பா ஏற்றுக்கொண்டார் என்று மனம் ஆறும். இங்கே ஒரு காகத்தையும் காணவில்லை. தம்பி வானத்தைப் பார்த்தபடி நின்றான். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதுதான் நாணல் பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு அன்னம் வந்தது. அவசரமே இல்லை. கழுத்தை வளைத்து, ஒவ்வொரு உருண்டையாகச் சாப்பிட்டது. பிறகு தலையை நிமிர்த்தித் தம்பியை ஒரு பார்வை பார்த்தது.

“அக்கா, பாத்தீங்களே? என்னைத்தான் பாக்குது!”

“பாக்கட்டும். எனக்குப் பசிக்குது, வா” என்றேன். என் மச்சாள், அதுதான் தம்பியின் மனைவி, காரிலேயே அப்பளப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சோறு கொண்டு போனான். அதற்கடுத்த ஞாயிறு பாண் ரொட்டி. பிறகு ஒவ்வொரு ஞாயிறும். குளிர்காலத்தில் ஏரி ஓரம் உறைந்தபோதும் போய் நின்றான். நானும் கூடப் போவேன். எனக்கு அது ஒரு உலா. வசந்தம் வந்ததும் அன்னம் சோடி சேர்ந்தது. சாம்பல் நிறத்தில் நாலைந்து குஞ்சும் வந்தன. அதோடு அதன் குணம் மாறியது. எங்கள் கார்ச் சத்தம் கேட்டாலே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து டொக்கில் ஏறும். கையில் தீன் இல்லை என்றால் செட்டையை உயர்த்தி, பிரஷர் குக்கர் போலச் சீறிக்கொண்டு துரத்தும். மீன் பிடிக்க வந்த ஒரு சீன ஐயா தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடினார். தம்பியும் ஓடுவான். ஆனால் சிரித்துக்கொண்டு ஓடுவான். ஐம்பது வயது கடந்தவன், தொப்பை வண்டி குலுங்க, சின்னப் பெடியன் போல ஓடுவான்.

“அப்பாவும் உப்பிடித்தானே கோவிப்பார் அக்கா?” என்று மூச்சிரைக்கக் கேட்பான்.

அதற்குக் காரணம் நான்தான். சின்னனில் அவன் குழப்படி செய்யும்போதெல்லாம் நான் சொல்லுவது ஒன்றுதான்: “அப்பா இருந்திருந்தா உன்ர முதுகு பழுத்திருக்கும்.” சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்த அப்பாவின் கோபம் ஊருக்கே தெரியும். எனக்கு இரண்டு மூன்று முறை நல்லாக விழுந்திருக்கிறது.

“உதைவிடக் கூடக் கோவிப்பார்” என்றேன். அவனுக்குப் பெரிய சந்தோசம்.

மருமகளுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ஒருநாள் எங்கள் எல்லோரையும் சோபாவில் இருத்தி, தொலைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். இந்த நாட்டின் மற்றக் கரையில், மேற்குக் கடலில் எடுத்ததாம். கறுப்பாக, மீசையோடு, எண்ணெய் தடவியது போல மினுங்கிக்கொண்டு ஒரு பிராணி. கடற்சிங்கம் என்றாள். டொக்கில் நின்று சனங்கள் சிரித்துச் சிரித்து மீன் எறிகிறார்கள். அது வாயைத் திறந்து பிடிக்கிறது. ஒரு மனிதன் மீன் பையோடு திரும்பி நிற்கிறான். அடுத்த கணம், அம்மாடி! அந்தப் பெரிய உடம்பு தண்ணீரிலிருந்து எழும்பி, பையையும் அவன் சட்டையையும் சேர்த்துக் கவ்வி இழுக்கிறது! நான் மச்சாளின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன். இன்னொன்றில் அது ஒரு சின்னப் படகின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டது. படகின் முன்பக்கம் நிமிர்ந்தே விட்டது.

“பாத்தீங்களா? முதல்ல இந்த ஆக்கள் மீன் போடினம். பிறகு அது பயமில்லாமக் கடிக்குது. அதின்ர ஃபோல்ற் இல்லை, பிழை ஆக்களின்ர. அப்பா, நீங்களும் சேம் திங் செய்யிறீங்க.”

“அது சிங்கம். இது அன்னம். சரஸ்வதி இருக்கிற பறவை” என்றான் தம்பி.

“சரஸ்வதி அதுக்குப் பாண் போட்டவவோ?”

மச்சாள் சிரித்ததில் தேநீர் புரைக்கேறியது. எனக்கு இன்னொரு வீடியோ பார்க்கவேண்டும் போல இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது ஆடி அமாவாசை வந்தது. இலையில் பிண்டத்தோடு ஏரிக்கரைக்குப் போனால், டொக் முழுவதும் அன்னத்தின் ராச்சியம். குஞ்சுகள் நடுப்பலகையில் வரிசையாக வெயில் காய்கின்றன. தாய் தண்ணீரில். தகப்பன் பலகையில் காவல். கரையில் பத்துப் பேர் தள்ளி நின்று படம் எடுக்கிறார்கள். ஒற்றையாள் படகில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கரைக்கு ஏற முடியாமல் தூரத்தில் துடுப்போடு காத்திருக்கிறாள். அவளை ஏற்கனவே ஒருமுறை துரத்திவிட்டதாம்.

“கரையில நிண்டு போடுங்கோ” என்றாள் மச்சாள்.

“கரையில சேறு. அப்பாவின்ர சோத்தைச் சேத்துக்குள்ள போடுறதோ?”

“அப்ப வேற இடம் போவம்.”

“இவ்வளவு காலம் செய்யாமல் விட்டனான். இண்டைக்கும் பயந்து திரும்பிப் போனா அப்பா என்னை என்னெண்டு நினைப்பார்?”

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். இலையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். மருமகள், “அப்பா, டோன்ற்!” என்றாள். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், என் கால் நிலத்தில் நிற்கவில்லை. தேர்த் திருவிழாவில் வடம் அசையும்போது வருமே ஒரு பரபரப்பு, அப்படி இருந்தது.

முதல் பத்தடி ஒன்றும் நடக்கவில்லை. அன்னம் பார்த்துக்கொண்டு நின்றது. தம்பி ஓரமாக, பக்கவாட்டில், நண்டு போல நகர்ந்தான். குஞ்சுகளைக் கடந்தும் விட்டான். மச்சாள் கைதட்டத் தொடங்கினாள். அந்தச் சத்தம்தானோ என்னவோ! அன்னம் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது. செட்டை இரண்டும் பாய் விரித்தது போல விரிந்தன. அதற்கு அவ்வளவு பெரிய செட்டை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பலகை தடதடவென்று அதிர அதிர ஓடி வந்தது!

“ஓடு தம்பி!” என்று கத்தினேன். எங்கே ஓடுவான்? முன்னால் ஏரி, பின்னால் அன்னம். மச்சாள் குடையைத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினாள், ஒரு சீறல் கேட்டதும் குடையை விட்டுவிட்டு இறங்கினாள். தம்பி திரும்பி, இலையைத் தலைக்கு மேலே உயர்த்தினான். தன்னைக் காக்கவில்லை, சோற்றைத்தான் காத்தான். அன்னம் பாய்ந்து செட்டையால் ஒரு அடி! கரைவரை கேட்டது. புயத்தில் அடி. தம்பி, இலை, பிண்டம், எள்ளு எல்லாம் சேர்ந்து தொபுக்கென்று ஏரிக்குள்!

எனக்கு உயிர் போய்விட்டது. அவனுக்கு நீந்தத் தெரியாது. மருமகள் ஆங்கிலத்தில் அலறினாள். படகில் இருந்த பிள்ளை துடுப்பை வலித்து வலித்து வந்தாள். அவள் வந்து சேருமுன் தம்பி எழும்பி நின்றுவிட்டான். தண்ணீர் நெஞ்சளவுதான்! தலையில் வாழையிலை, மீசையில் எள்ளு. அவனைச் சுற்றி உருண்டைகள் மிதந்தன. அன்னம் தண்ணீரில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல, அவன் பக்கத்திலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாப்பிட்டது. குஞ்சுகளும் வந்து சேர்ந்தன. தம்பி அசையவில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றான்.

“தீர்த்தமும் ஆடியாச்சு!” என்று மச்சாள் கத்தினாள். உண்மைதான். இந்த விரதத்துக்குத் தண்ணீரில் முழுகவும் வேண்டும். ஏரித் தண்ணீர் குளிர் என்று தம்பி அதை விட்டுவிட நினைத்திருந்தான். ஒன்றும் குறையாமல் அன்னம் செய்வித்துவிட்டது. கரையில் நின்ற சனம் கைதட்டியது. நான் சிரித்துச் சிரித்து, குந்திவிட்டேன். வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை.

பூங்காவைப் பராமரிக்கிற ஒரு மனிதர் வந்தார். சிரிக்கவில்லை. மருமகள் மொழிபெயர்த்தாள். இனி யாரும் தீன் போடக்கூடாது, போட்டால் அது இன்னும் மோசமாகும், பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போகவேண்டி வரும் என்றாராம். தம்பி ஈரத்தோடு தலையாட்டினான். “இனி வரமாட்டன்” என்றான். சொன்னபடி பிறகு போகவும் இல்லை.

காரில் துவாயைப் போர்த்துக்கொண்டு இருந்தான். புயத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்டிப்போய் நீலமாக இருந்தது. நான் இன்னும் சிரித்து முடியவில்லை.

“அக்கா, அப்பா எனக்கு ஒருநாளும் அடிச்சதில்லையென்ன?”

“நீ கைக்குழந்தையடா. அடிக்கிறதோ? தன்ர காச வருத்தம் உனக்கும் தொத்திப்போடும் எண்டு உன்னைத் தொட்டதே இல்லை. வாசலுக்கு வெளியில பாயைப் போட்டு இருந்து பாப்பார், அவ்வளவுதான்.”

“ம்” என்றான்.

நான் சொல்லிவிட்டு, குடையோடு மச்சாள் ஓடிய ஓட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் நல்லெண்ணெய் சூடாக்கிக்கொண்டு போனேன். பூசி உருவிவிட்டால் இரண்டு நாளில் கண்டல் கலைந்துவிடும். அவன் விடவில்லை. கையை இழுத்துக்கொண்டான். “இருக்கட்டும் அக்கா” என்றான். நோகவில்லையா என்று கேட்டேன். நோகுது என்றான். அந்தக் கிழமை முழுவதும் கட்டைக் கைச் சட்டைதான் போட்டான். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி மறையும்வரைக்கும் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

நோகிற இடத்துக்கு எண்ணெய் வேண்டாம் என்று யாராவது சொல்லுவார்களா? எனக்கு அப்போது விளங்கவில்லை. எண்ணெய்ச் சட்டியோடு கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். சிறுவயதுதானே.

இதை வாசித்துப் பார்க்கிறவர்கள் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். அந்தப் படகு கட்டுகிற இடத்தின் சரியான பெயர், குஞ்சு நாலா ஐந்தா, அடித்தது ஆண் அன்னம்தானா என்பதெல்லாம் மருமகளுக்குத் தெரியும். அவளிடம் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள். தம்பியிடம் கேட்கவேண்டாம். கேட்டால் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவான். அங்கே இப்போது ஒன்றும் இல்லை.