கொரேமா நாட்டுக் காவல் தலைவி

கொரேமா என்றொரு நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனாலும் அந்நாட்டின் ஆற்றங்கரை மாவட்டத்துக்குக் காவல் தலைவர் ஒருவர் இருந்தார். மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், யூசுப்பின் மனைவி லதீஃபாவாக அவர் குடியிருந்தார்.

பழைய மிளகுக் கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டு, காயலைப் பார்த்தபடி ஒரு பயிற்சி நிலையம் நடந்துவந்தது. போர் ஓய்ந்த நாடுகளில் காவல்துறையையும் படையையும் சிறையையும் மக்கள் மறுபடி நம்பும்படி சீர்திருத்த வேண்டியிருக்கும். அந்த வேலைக்குத் துணைநிற்க வெளியிலிருந்து போகும் ஆலோசகர்களை அங்கே பழக்கினார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே அதிகாரிகள்; சட்டமும் நிர்வாகமும் அறிந்தவர்கள். போகிற இடத்தில் தங்களை எவரும் நம்பப்போவதில்லை என்பதைத்தான் அவர்கள் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காகவே நிலையத்தார் கொரேமாவை உண்டாக்கினார்கள். அதன் அதிகாரிகளாக நடிக்க ஊர்க்காரர்களை அமர்த்தினார்கள்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை வேடம் கலையக் கூடாது. நிலையத்தின் இயக்குநர், ஓய்வுபெற்ற கர்னல் கல்யாணராமன், பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் அதை விளக்குவார்.

“அங்க போனப்புறம் ஆலோசகருக்கு ஆபீஸ் நேரம்னு ஒண்ணு கிடையாது. சாயாக் கடையில பார்த்தாலும், படகுத்துறையில பார்த்தாலும், அவங்க உங்களுக்குக் காவல் தலைவர்தான்.”

சந்தையில் யாராவது கூப்பிட்டு வேடத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதால் நடிப்பவர்கள் எல்லோருக்கும் சொந்தப் பெயரே வைக்கப்பட்டிருந்தது.

லதீஃபாவின் பாத்திரம் எளிமையானது. கொரேமாவில் சண்டை முடிந்து ஆயுதங்களை ஒப்படைத்த இளைஞர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். யாரோ அவர்களைப் படகில் ஏற்றி, ஆற்றுக்கு அக்கரையில் நடக்கும் வேறொரு சண்டைக்கு அனுப்புகிறார்கள். அனுப்புகிறவன் காவல் தலைவரின் சொந்த உதவியாளன். தலைவருக்கு அது தெரியும். ஆனால் வெளியாளிடம் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரை அவமதிக்காமல் அவர் வாயிலிருந்தே அதை வரவழைப்பது ஆலோசகரின் வேலை. லதீஃபாவுக்குத் தரப்பட்ட குறிப்பு இரண்டே வாக்கியம்: உங்கள் ஆட்களைச் சந்தேகிக்காதீர்கள், வெளியாளைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு அவருக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. பெண்கள் சிறையில் வார்டராக இருந்து, முழங்கால் வலியால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர் அவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பார்வையாளர் வாசலில் கழித்தவர். பலாச்சுளைக்குள்ளும் குழந்தையின் தலைத்தொப்பிக்குள்ளும் எது எது வரும் என்று கண்டிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடவில்லை. வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் யூசுப், மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையிரண்டையும் தூக்கி நிற்பார்.

“சோதிச்சுக்கோ. பிறகு சாயா தா.”

“சட்டைப் பையில என்ன?”

“உழுந்து வடை. உனக்குத்தான் வாங்கினேன். கண்டுபிடிச்சிட்டியே, இனி அது சமர்ப்பணம் இல்ல, பறிமுதல்.”

அந்தச் சந்தேகத்துக்கு வெளியே நின்றவன் ஒருவன்தான்: தங்கையின் மகன் ஃபயாஸ். தங்கை மறுமணம் செய்துகொண்டு பாலக்காட்டுக்குப் போனபோது அவனை லதீஃபாவிடம் விட்டுச் சென்றார். மட்டாஞ்சேரியில் படித்து, எர்ணாகுளத்தில் இரண்டு மூன்று வேலைகளை மாற்றி, கடைசியில் நிலையத்துக்கு ஆள் திரட்டிக் கொடுப்பவனாக அமர்ந்தான். பெரியம்மாவைக் கர்னலிடம் அழைத்துச் சென்றவனும் அவனே. கொரேமாவில் காவல் தலைவரின் உதவியாளன் வேடமும் அவனுடையதே.

அந்த மழைக்காலத் தொகுதியில் லதீஃபாவிடம் ஒப்படைக்கப்பட்டவர் மாதுரி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தமிழ்நாட்டுக் காவல்துறையில் அதிகாரி. மற்றவர்கள் மொழிபெயர்ப்பாளரோடு தடுமாறியபோது வீட்டில் தமிழ் பேசும் லதீஃபாவோடு அவருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. லதீஃபாவுக்கு அதுவே முதல் சந்தேகம். தமிழ் தெரிந்தவளாகப் பார்த்துத் தன்னிடம் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

புதன்கிழமை காலை இருவரும் ‘ரோந்து’ போனார்கள். காய்கறி வண்டிக்கு முன்னால் மாயம்மாள் அவர்களை நிறுத்தினார். உசிலம்பட்டியிலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலேயே வேரூன்றிவிட்ட பெண்; அக்காவை ‘இத்தா’ என்று கூப்பிடவும் பழகிவிட்டவர். கணவர் இறந்த பிறகு தள்ளுவண்டியை வைத்தே மகன் முத்துவேலை வளர்த்தவர்.

“இத்தா, உங்களைத்தான் பார்க்கணும்னு இருந்தேன். ஃபயாஸ்கூட பையனை அனுப்பலாமா? மனசு என்னமோ அடிச்சுக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

மாதுரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போன தொகுதியில் மாயம்மாளை ஒரு விதவையாக நடிக்க ஃபயாஸ் கூட்டி வந்திருந்தான். இந்த முறையும் அப்படித்தான் என்று லதீஃபா எடுத்துக்கொண்டார். நடிப்பு நன்றாக வருகிறதே, கண்கூட கலங்குகிறதே என்று மெச்சிக்கொண்டு, மாவட்டத் தலைவருக்குரிய குரலில் பதில் சொன்னார்.

“ஃபயாஸ் என் ஆளு. என் ஆளை நான் சந்தேகப்படறதில்ல. தைரியமா அனுப்பு.”

மாயம்மாளின் முகம் தெளிந்தது. ஒரு பிடி கறிவேப்பிலையை எடுத்து லதீஃபாவின் பையில் போட்டார்.

மறுநாள் பிற்பகல், பயிற்சி நிலையத்தின் மாடியறையில் காவல் தலைவரின் அலுவலகம் கூடியது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், கொரேமாவின் கொடி. மூலையில் கர்னல் உட்கார்ந்து கவனித்தார்.

“நேத்து அந்தக் காய்கறிக்கார அம்மாகிட்ட திரும்பப் போனேன், சீஃப்” என்று தொடங்கினார் மாதுரி.

“யாரைக் கேட்டுப் போனீங்க?”

“வெண்டைக்காய் வாங்க யாரைக் கேக்கணும்?”

“லாட்ஜ்ல தங்குறவங்களுக்கு வெண்டைக்காய் எதுக்கு?”

மூலையில் கர்னல் சிரிப்பை இருமலாக மாற்றினார். மாதுரி சிரிக்கவில்லை.

“அவங்க பையன் இன்னிக்குச் சாயங்கால வண்டியில போறான். கூட மூணு பேர். பம்பாய் வரைக்கும் ரயில், அங்கேருந்து விமானம். ஏதோ முகாமுக்குக் காவல் வேலைன்னு சொல்லியிருக்காங்க. எந்த நாடுன்னு அவனுக்கே தெரியலை. முன்னாடி போன ஒருத்தன் பட்டாள உடுப்புல ஒரு போட்டோ அனுப்பினானாம். அதுக்கப்புறம் போனே எடுக்கலை. எல்லாரோட பாஸ்போர்ட்டும் உங்க ஃபயாஸ் கையில இருக்கு. நீங்க பொறுப்புன்னு அவன் சொல்றான்.”

லதீஃபா நாற்காலியில் சாய்ந்தார்.

“என் மாவட்டத்திலேருந்து யாரும் எங்கேயும் போகலை. சந்தையில சொல்றதை எல்லாம் நம்புறதுக்கா உங்களை இவ்வளவு தூரம் அனுப்பிவச்சாங்க?”

பதில் தடங்கலின்றி வந்தது. ஆனால் மனம் வேறொரு கணக்கில் இறங்கியது. இவள் தானாகக் கட்டிச் சொல்கிறாளா? அல்லது ஃபயாஸ் கதையின் முடிச்சை முன்னதாகவே இவளிடம் அவிழ்த்துவிட்டானா? அவிழ்த்திருந்தால் படகு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கொரேமாவில் ஆற்றைக் கடக்கப் படகு போதும். அங்கே ரயில் இல்லை. அங்கே எவனிடமும் பாஸ்போர்ட் இல்லை.

காய்கறி வண்டியின் முன்னால் கலங்கிய மாயம்மாளின் கண்கள் நினைவுக்கு வந்தன. லதீஃபா மேசைமேல் முன்னால் குனிந்தார்.

“மேடம், இது நிஜமா?”

“நிஜம்னுதான் நானும் சொல்றேன், சீஃப்.”

“அதில்ல. சீஃப் கேக்கல. நான் கேக்குறேன். யூசுப் பொண்டாட்டி லதீஃபா கேக்குறேன்.”

மாதுரியின் கண்கள் சுருங்கின. நெருக்கும்போது அந்நாட்டு அதிகாரிகள் குடும்பக் கதைக்குத் தாவுவார்கள், விடாதீர்கள் என்று முந்தின நாள்தான் வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள்.

“உங்க குடும்பத்தைப் பத்தி இன்னொரு நாள் விரிவாப் பேசலாம், சீஃப். இப்ப பாஸ்போர்ட்டுக்கு வருவோம்.”

லதீஃபா எழுந்து மூலையைப் பார்த்துத் திரும்பினார்.

“சார், பாஸ்போர்ட்டு நீங்க வச்ச சங்கதியா?”

கர்னல் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“இல்லை லதீஃபா. நான் வைக்கலை.”

“மாயம்மா?”

“இந்தத் தடவை அந்தம்மாவை நாம கூப்பிடவே இல்லையே.”

மாதுரி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். “சார், இதுவும் பயிற்சியா?” என்று கேட்டார். பதில் வருவதற்குள் லதீஃபா படியிறங்கிவிட்டார். கர்னல் காவல் நிலையத்தின் எண்ணைத் தொலைபேசியில் அழுத்தினார். மாதுரி மாயம்மாளைக் கூட்டிவர ஓடினார்.

முற்றத்தில் அடுத்த காட்சிக்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஆயுதம் ஒப்படைக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கு ஃபயாஸ் மரத் துப்பாக்கிகளைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். பயிற்சிக்கு வந்த மற்ற அதிகாரிகள் சுவரோரம் குறிப்பெடுக்கத் தயாராக நின்றார்கள்.

“முத்துவேல் பாஸ்போர்ட் எங்கடா?”

ஃபயாஸ் சிரித்தான். பிறகு நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

“பெரியம்மா, ரோலை விட்டுடாதீங்க. எல்லாரும் பார்க்கறாங்க. பாஸ்போர்ட் கதையை மாயம்மாக்காவுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கர்னலுக்கே தெரியாம ஒரு சர்ப்ரைஸ். மேடம் நல்லா மாட்டிக்கிட்டாங்களா?”

நம்பத் தகுந்ததாகத்தான் இருந்தது. நம்பிவிட வேண்டும் என்ற ஆசை லதீஃபாவுக்குள் ஒரு கணம் முழுதாக எழுந்தது. ஆனால் அவனுடைய வாய் பேசிக்கொண்டிருக்க, கை தோள்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தது. சிறை வாசலில் நின்ற காலத்தில் எத்தனையோ கைகளை அப்படிப் பார்த்தவர் அவர். இந்தக் கையை மட்டும் அவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

“பையைக் கொடு.”

“பெரியம்மா, எல்லாரும் இருக்கும்போது…”

“கொடு மோனே.”

அவன் தரவில்லை, தடுக்கவும் இல்லை. லதீஃபாவே அதை அவன் தோளிலிருந்து எடுத்து, ஜிப்பைத் திறந்தார். ரப்பர் பட்டை போட்ட கட்டு ஒன்று இருந்தது. மேலே முத்துவேல், வெறித்துப் பார்க்கும் புகைப்படத்தில். அதற்கடியில் அதே சந்தில் வளர்ந்த மூன்று முகங்கள். அதோடு முடியவில்லை. வைப்பின்காரர்கள், பாலக்காட்டுக்காரர்கள், பெயர் தெரியாதவர்கள். ஒன்றில் மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

ஃபயாஸின் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“நம்ம ஆளுங்க நாலு பேருதையும் எடுத்துக்குங்க. இப்பவே கொடுத்துடுங்க. இத்தோட விட்டுடலாம்.”

“மீதி?”

“மீதி உங்களுக்குத் தெரியாதவங்க, பெரியம்மா.”

அதற்குள் ஜீப் வந்து நின்றது. ஒவ்வொரு தொகுதி தொடங்கும்போதும், போலிச் சண்டையும் கூச்சலும் கேட்டால் பதற வேண்டாம் என்று நிலையத்திலிருந்து காவல்துறைக்குக் கடிதம் போகும். ஆகவே கர்னல் தொலைபேசியில் எத்தனை முறை சொல்லியும் எஸ்.ஐ. பாதிதான் நம்பியிருந்தார். மரத் துப்பாக்கி வரிசையையும் சுவரோரம் மும்முரமாகக் குறிப்பெடுப்பவர்களையும் பார்த்ததும் அந்தப் பாதியும் போயிற்று.

“சேச்சி, இது டிராமா தன்னே அல்லே?” என்று சிரித்தபடி கேட்டார்.

“டிராமாதான் சார்” என்றான் ஃபயாஸ் உடனே. “பெரியம்மாவையே கேளுங்க.”

கர்னல் மாடிப்படியில் நின்றிருந்தார். பைக்குள் இருந்தது என்னவென்று அவருக்கும் தெரியாது. மாதுரியுடன் அப்போதுதான் உள்ளே வந்த மாயம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் லதீஃபாவைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஜீப் திரும்பிவிடும். முத்துவேல் ரயிலேற மாட்டான். தங்கையின் முகத்தைப் பார்க்க அஞ்ச வேண்டியிருக்காது. ஃபயாஸைத் தனியே உட்காரவைத்துத் திருத்திக்கொள்ளலாம். கட்டின் அடியில் கிடந்த அந்த அரும்பாத மீசைக்காரனின் தாயார் எந்த ஊரில் யாரிடம் போய் நம்பலாமா என்று கேட்டிருப்பார் என்பது மட்டும் லதீஃபாவுக்குத் தெரியவில்லை.

“டிராமா இல்ல சார். இதெல்லாம் நிஜ பாஸ்போர்ட்.” கட்டை நீட்டினார். “இவன் என் தங்கச்சி மகன். நான் வளர்த்த பையன். இவனை நம்பி அனுப்புன்னு மாயம்மாகிட்ட சொன்னதும் நான்தான். அதையும் சேர்த்து எழுதிக்குங்க.”

எஸ்.ஐ.யின் சிரிப்பு மெல்ல அடங்கியது. சுவரோரத்தில் பேனாக்கள் நின்றன. ஃபயாஸ் ஜீப்பில் ஏறினான். ஏறும்போது பெரியம்மாவை ஒருமுறை பார்த்தான், முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பதுபோல.

வழக்கு முடியும்வரை பாஸ்போர்ட்டுகள் காவல் நிலையத்தில்தான் இருக்கும் என்று எஸ்.ஐ. சொல்லிப் போனார். அது மாயம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

“அவன் கையிலேருந்து இவங்க கைக்குப் போயிருக்கு. என் கைக்கு எப்ப வரும்?”

“நான் கூட வந்து வாங்கித் தர்றேன், மாயம்மா.”

“நேத்தும் இப்படித்தான் இத்தா சொன்னீங்க.”

“நேத்து நான்…”

“எந்த நாட்டுத் தலைவியா வேணும்னாலும் இருங்க. நான் உங்களைத்தானே கேட்டேன்?”

லதீஃபாவின் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அதிர்ந்தது. பாலக்காட்டிலிருந்து தங்கை. செய்தி அதற்குள் போய்விட்டது. லதீஃபா அதை எடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது ஓய்ந்தது; மறுபடி அதிர்ந்தது.

மாயம்மாள் நகரவில்லை.

“எடுங்க இத்தா. அவங்ககிட்ட என்ன சொல்றீங்கன்னு நானும் கேக்கணும்.”

லதீஃபா கைபேசியைக் காதில் வைத்தார். மறுமுனையின் அழுகை வாசல்வரை கேட்டது. அழுகைக்கு நடுவே ‘நீயா?’ என்று தங்கை கேட்டார்.

“ஆமாடி” என்றார். “நான்தான் பிடிச்சுக் கொடுத்தேன்.”