எதுத்த பக்கந்தானுங்க

ராஜவேல் பனியன் கம்பெனியில் சாம்பிள் டெய்லர். ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையர் தடவிப் பார்த்துத் தலையாட்டும் அந்த ஒற்றைச் சட்டையை அவரைப் போலத் தைக்க ஆளில்லை. அதே சட்டையை ஆயிரக்கணக்கில் தைத்து அனுப்புகிற தலைவலி வேறு ஆட்களுடையது. ஓனர் ஒருமுறை புரொடக்சனையும் அவரிடம் கொடுத்துப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். இதெல்லாம் தெரிந்தும் வார்டு ஜனங்கள் அவரைக் கவுன்சிலர் ஆக்கினார்களே, அதுதான் கூத்து.

தேர்தலில் நின்றபோது மனுஷர் என்னமாய் உழைத்தார்! விடிந்ததும் விளக்குமாறோடு வந்துவிடுவார். பழனாயியின் இட்லிக் கடை முன்னால் குவிந்து கிடக்கும் குப்பையைத் தன் கையாலேயே கூட்டி அள்ளுவார். நாற்றம் போனதும் கடைக்கு மறுபடி ஆள் வந்தது. "செயிச்சா ஒரு குப்பைத்தொட்டி வெச்சுக் குடுங்க" என்று பழனாயி கேட்டார். "செஞ்சுபோடலாமுங்கக்கா" என்றார்.

தொட்டியை எங்கே வைப்பீர்கள் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். "உங்க ஊட்டு முன்னால வெப்பனுங்களா? எதுத்த பக்கந்தானுங்க." கிழக்கு வரிசையில் சொன்னதையே மேற்கு வரிசையிலும் சொன்னார். இரண்டு வரிசையும் ஓட்டை அள்ளிப் போட்டன.

ஜெயித்தார். தொட்டியும் வந்தது. கிழக்கே இறக்கப் போனால் அந்த வரிசை வீட்டுக்காரர் முத்தாத்தாள் குறுக்கே நின்றார். மேற்கே தள்ளினால் அங்கே குடியிருக்கும் திருமூர்த்தி நடுவீதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது ஒருவரிடம் முடியாது என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு சொல்தான் ராஜவேலுக்கு வாயில் வராதே! "பேசிக்கலாமுங்க" என்று இரண்டு பக்கமும் கும்பிட்டார். தொட்டி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. கவுன்சிலர் ஆன பிறகு விளக்குமாறு பிடிப்பதும் கௌரவக் குறைச்சல். குப்பை பழையபடி ஏறியது. பழனாயியின் கடைக்கு ஈக்கள்தான் வாடிக்கை.

கும்பிடு மட்டும் குறையவில்லை. ஒரு நாள் காலை தோளில் துண்டோடு கடைக்கு வந்து, "ஏனுங்கக்கா, எதாச்சும் கொறை இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

பழனாயி ஈ விரட்டியபடியே சொன்னார். "ஒரே கொறைதானுங்க. நீங்க செயிச்சுட்டீங்க. தோத்திருந்தா அடுத்த எலக்சனுக்காச்சும் தெனமும் வந்து கூட்டியிருப்பீங்க. அடுத்தவாட்டி தயவு பண்ணித் தோத்துப்போடுங்க சாமி."

ராஜவேலின் கை தானாகக் குவிந்தது. பழக்கதோஷத்தில், "செஞ்சுபோடலாமுங்கக்கா" என்றார்.

இந்த வாக்கையாவது மனுஷர் காப்பாற்ற வேண்டுமே என்று பழனாயி சிவன்மலை முருகனை வேண்டிக்கொண்டார்.