குளிரில் விழித்திருந்த அத்தை

கொடைக்கானலில் எங்கள் வீட்டாரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருவர் முகம் வாடியிருந்தால் அதற்குக் காரணம் குளிரே என்று முடிவு கட்டிவிடுவார்கள். பசியால் வாடினாலும் கவலையால் வாடினாலும் மருந்து மாறுவதில்லை: கம்பளி, மிளகு ரசம், கரி நெருப்பிட்ட கணப்புச் சட்டி. என் அத்தை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்த ஆண்டில், இந்த நம்பிக்கை அவரை ஏறத்தாழத் தோற்கடித்தே விட்டது.

அத்தை என் தந்தையாரின் தங்கை. இளமையிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்து சேர்ந்தவர். ஏரிக்கு அருகே ஒரு விடுதியில் அவருக்குச் சலவை வேலை. விடிந்ததும் போனால் பொழுது சாயும்வரை ஈரத்திலேயே நிற்க வேண்டும். விரல்கள் வெடித்திருந்தன, இருமல் நெஞ்சில் குடியேறியிருந்தது. அக்காலத்தில் பள்ளி ஒன்றில் அலுவலக உதவியாளர் இடம் காலியாயிற்று. பத்தாம் வகுப்புத் தேறி வந்தால் தருகிறோம் என்றார்கள். தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். படிக்க அத்தைக்கு வாய்த்ததோ மாலைப் பொழுது மட்டுமே.

அந்த மாலைப் பொழுதை நாங்கள் அன்பினால் அடைத்து வைத்தோம். அவர் வாயிலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டதும் தாயார் கரியை ஊதத் தொடங்குவார். நான் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தந்தையார் தம் குரங்குக் குல்லாயையே கழற்றி நீட்டுவார். சுடுசோறும் மிளகு ரசமும் உள்ளே போனபின் அத்தை கணக்குப் புத்தகத்தை விரிப்பார். முதற் கணக்கு முடியுமுன் தலை சாய்ந்துவிடும்.

"பாவம், குளிரு ஏறிப்போச்சு" என்று தாயார் மேலும் கரி சேர்ப்பார். உறக்கம் மேலும் ஆழமாகும். சட்டியை அத்தையின் காலடிக்கு நெருக்கி வைப்பது என் பணி. அதனை நான் சிறிதும் குறைவின்றிச் செய்து வந்தேன்.

பின்னர் அத்தை வீடு திரும்பத் தாமதமாயிற்று. "விடுதியில சோலி கூடிப்போச்சு மதினி" என்பார். தாயார் ரசத்தை மீண்டும் மீண்டும் சுடவைத்துக் காத்திருந்தார்.

மூடுபனி இறங்கிய ஒரு மாலையில், அத்தையோடு சலவை செய்யும் பெண் எங்கள் வீட்டு வழியே போனார். தாயார் அவரிடம் அத்தையைப் பற்றி விசாரித்தார்.

"அவங்களா? பொழுது சாயவும் கெளம்பிட்டாங்களே. தெனமும் அப்படித்தான போறாங்க!" என்றார் அவர்.

தாயாரின் முகம் வெளுத்தது. இருமலோடு அத்தை எங்கே மயங்கி விழுந்தாரோ என்பதே அவர் அச்சம். தந்தையார் கைவிளக்கை எடுத்துக்கொண்டு விரைந்தார். அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு நானும் ஓடினேன். தெருத்தெருவாகத் தேடிக் கடைவீதியை அடைந்தோம். கவுஞ்சி மலைக்கிராமத்திலிருந்து வரும் உருளைக்கிழங்கை வாங்கி விற்கும் பாய் ஒருவரின் கடை அங்கே இருந்தது. அதன் பின்புறத்தில், ஒற்றை விளக்கின் கீழ், வெறும் பெட்டி ஒன்றின்மீது அத்தை அமர்ந்திருந்தார். போர்வை இல்லை, ஈரக்கல்லின்மேல் வெறுங்கால்கள். உதடுகள் நடுங்கியபடியே கணக்கை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கண்கள் மட்டும் பளிச்சென்று விழித்திருந்தன.

"ஏத்தா! அறிவிருக்கா ஒனக்கு? இந்தக் குளிருல வெறைச்சுக் கெடக்கே!" என்று தந்தையார் கத்தினார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சத்தம் போடாதீங்கண்ணே, தங்கச்சி கணக்குக்குள்ள போயிருக்கு. அது உக்காந்ததுலருந்து ஒரு பய என் மூட்டையத் தொடலை. ஓசியில கெடைச்ச காவல், கெடுத்துராதீங்க."

"இங்கன உக்காந்தாத்தாண்ணே தூக்கம் வரலை" என்றார் அத்தை, தலை குனிந்து. "வீட்டுல சூடா இருக்கு."

"அத வீட்டுல சொல்றதுக்கென்ன?" என்றார் தந்தையார்.

அத்தை சற்று நேரம் புத்தகத்தின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தார். "மதினி எனக்காக ஊதி ஊதி வைக்கிறாங்க. நான் எப்படிண்ணே சொல்ல?"

தந்தையார் கைவிளக்கை அணைத்தார். பிறகு, தேடிவந்த அச்சமெல்லாம் ஒருசேரக் கழன்றதுபோல் உரக்கச் சிரித்துவிட்டார்.

வீடு திரும்பியதும், "கரி வெலை ஏறிப்போச்சு. இனிமே கணப்பு சமையக்கட்டோட நிக்கட்டும்" என்று அறிவித்தார்.

"கரி வாங்குறவ நான். வெலை ஒங்களுக்கு மட்டும் ஏறிச்சாக்கும்?" என்றார் தாயார். ஆயினும் அத்தையின் விறைத்த கால்களையும் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் முன்னறையைக் கூட்டி, காற்று வரும் சன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுவைத்தார். வழக்கம்போல் கம்பளியோடு ஓடிய என் காதைத் திருகினார். அத்தை அவ்வறையில் விழித்திருந்து படித்தார்.

தேர்வில் தேறினார். பள்ளியில் அந்த இடமும் கிடைத்தது. பணியில் சேர்ந்த முதல்நாள் மாலை, உலர்ந்த கைகளோடு வீடு வந்து எங்களோடு உண்ண அமர்ந்தார். தாயார் கரண்டி நிறைய ரசத்தை மொண்டு அவர் தட்டின்மேல் கொண்டுவந்தார்.

"எனக்கு ரசம் வேணாம் மதினி" என்றார் அத்தை. "மோரு இருந்தா ஊத்துங்க."

நான் திடுக்கிட்டேன். அந்தக் குளிரில் மோர்! தாயார் நீட்டிய ரசத்தை அத்தை மறுத்து நான் கண்டதே இல்லை. வீட்டில் பெரும் பூசல் மூளப்போகிறது என்று தந்தையாரைப் பார்த்தேன். அவரோ குனிந்து உண்டுகொண்டிருந்தார். தாயார் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "வாய் தொறந்து கேட்டுட்டாளே மகராசி!" என்று கூவியபடி, மோர் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

தேர்வு முடிவு வந்த நாளில்கூடத் தாயார் அப்படி மகிழ்ந்ததில்லை. ஒரு கரண்டி ரசத்தை வேண்டாம் என்றதில் என்ன மகிழ்ச்சி இருக்கக்கூடும் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை ரசத்தில் உப்புக் கூடிவிட்டதோ என்று ஐயுற்று, ஒரு வாய் அருந்திப் பார்த்தேன். ரசம் சரியாகத்தான் இருந்தது.