வண்டிக்காரனை வெட்டிய ஆபரேட்டர்

திண்டுக்கல் வட்டாரத்தில் படம் ஓட்டியவர்களில் ராயப்பராஜ் கை சுத்தமானவர் என்று பெயர் வாங்கியவர். பிலிம் அறுந்தால், கொட்டகையில் முதல் விசில் கிளம்புவதற்குள் ஒட்டிவிடுவார். மெஷின் அறைக்குள் பீடி பற்றவைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறமாட்டார். அவர் வாயால் ஒருவனை ஏசிக் கேட்டவர்கள் கிடையாது. இப்படிப்பட்ட மனிதர் ஒரு நல்லவனைப் பொய்யனாக்கி ஊர் சிரிக்க விட்டார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் விட்டார். அதை அவரே சொல்லியும் இருக்கிறார்.

அது 1949. நாச்சிமுத்துவின் டூரிங் டாக்கீஸ் சாணார்பட்டியில் கொட்டகை போட்டிருந்தது. முதல் படம் 'மரகதவல்லி சபதம்'. மூன்றேகால் மணி நேரம் ஓடும் ராஜா ராணிப் படம். முதல் ஆட்டம் முடிவதற்குள் இரண்டாம் ஆட்டத்துக் கூட்டம் வெளியே கத்த ஆரம்பித்துவிடும்.

"ராயப்பு, எங்கயாச்சும் கொஞ்சம் எடுத்துவிடுய்யா" என்றார் நாச்சிமுத்து.

டூரிங் டாக்கீஸ்களில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கதாநாயகனும் கதாநாயகியும் இல்லாத இடம் கத்தரிக்கோலுக்கு. ஏழாவது ரீலில் ஒரு மாட்டுவண்டிக்காரன் மாட்டோடு பேசிக்கொண்டே வந்து, ஒரு பாட்டும் பாடிவிட்டுப் போவான். நான்கு நிமிஷம். ராயப்பராஜ் அதை எடுத்தார். யாரும் கேட்கவில்லை.

எடுத்த துண்டை முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் கிடையாது. ஒட்டுவதற்குப் பசை வேண்டுமே. பிலிம் துண்டை வெந்நீரில் ஊறப்போட்டுக் கட்டைவிரலால் தேய்த்தால் உருவமெல்லாம் கரைந்து போய், கண்ணாடி மாதிரி ஏடு மிஞ்சும். அதை அசிட்டோனில் போட்டால் பசை. வண்டிக்காரன் துண்டு ஒரு தகர டப்பாவுக்குள் போனது.

மூன்றாம் நாள் முதல் ஆட்டம் முடிந்து, கோடி வேட்டி கட்டிய ஒருவர் மெஷின் அறை வாசலில் வந்து நின்றார். பெயர் பொம்மையன். சாணார்பட்டிக்காரர். வண்டி ஓட்டுவதுதான் தொழில். மூன்று வருஷத்துக்கு முன் சிறுமலை அடிவாரத்தில் படம் பிடிக்க வந்தவர்களுக்குச் சாமான் ஏற்றிப் போயிருக்கிறார். அவர் மாட்டைக் கூப்பிடுகிற அழகைக் கேட்ட டைரக்டர், வண்டியோடு சேர்த்து அவரையும் படத்தில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஊரெல்லாம் அதே பேச்சு. அந்த முதல் ஆட்டத்துக்கு மனைவி மூக்காயியையும், ஊரில் பாதியையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"அண்ணே, நான் வாரது வரலையே" என்றார்.

டப்பா மேஜைக்கு அடியில் இருந்தது. குனிந்தால் எடுத்துக் காட்டலாம். மறுநாள் ஆட்டத்தில் ஒட்டி ஓட்டியும் இருக்கலாம், அரைமணி வேலை. ராயப்பராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு வந்த படத்துல அது இல்லப்பா. கம்பெனிக்காரவுக எடுத்துட்டாக போல" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது அவருக்கே தெரியாது. முதலாளிக்குப் பயந்தா, மறுபடி ஒட்டும் சோம்பலா, ஒரு வண்டிக்காரனுக்கு என்ன வந்தது என்ற இளப்பமா. மூன்றும்தான் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

"படம் பிடிச்சவுக நல்லா இருக்குன்னுதானேண்ணே சொன்னாக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொம்மையன் போய்விட்டார்.

ஊர் விடுமா? 'புளுகுப் பொம்மையன்' என்று பெயர் வைத்துவிட்டது. டீக்கடைக்குப் போனால், அடுத்த படம் எப்ப அப்பு என்பார்கள். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கருப்புசாமி கோயில் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. பொய்யாக அணைத்தவன் வீடு உருப்படாது என்பார்கள். அடுத்த கோடையில் அவருடைய மாடு செத்தது. பார்த்தீர்களா என்றது ஊர். 1958-இல் காய்ச்சல் கண்டு அவரே போய்ச் சேர்ந்தபோது, பொய்ச் சத்தியம் கேட்டுவிட்டது என்று துக்கத்துக்கு வந்தவர்களே பேசிக்கொண்டார்கள். மூக்காயி காதுபடத்தான் பேசினார்கள்.

இதெல்லாம் ராயப்பராஜுக்கு வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குச் சாணார்பட்டி பஸ்ஸைக் கண்டாலே குறுகுறுத்தது. அதற்குள் துண்டும் இல்லை. வெந்நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து ஒரே வருஷத்தில் பசையாக்கித் தீர்த்திருந்தார். பொம்மையன் முகத்தை அழித்தது இந்தக் கட்டைவிரல்தானே என்று சோறு பிசையும்போது நினைப்பு வரும். மாதா கோயிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். சாமியாருக்கு விஷயமே பிடிபடவில்லை. திருடினாயா என்று கேட்டார். இல்லை சாமி, வெட்டினேன் என்றார் இவர். மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். ராயப்பராஜ் முப்பது சொன்னார். குறுகுறுப்புப் போகவில்லை.

1964-இல் நாச்சிமுத்து திண்டுக்கல்லில் பக்காக் கட்டடமாகத் தியேட்டர் கட்டி, பெரிய முதலாளி ஆகியிருந்தார். தனக்கு முதன்முதலில் யோகம் கொடுத்த 'மரகதவல்லி சபத'த்தைத் தைப்பொங்கலுக்கு மறுபடி காட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்தப் படத்துக்கு இரண்டே பிரதிதான் மிச்சம். ஒன்று அன்று சாணார்பட்டியில் ஓட்டி, பிறகு அவரே வைத்துக்கொண்டது. இன்னொன்றை மதுரையில் ஒரு கிடங்கிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டையும் சேத்து ஒண்ணாக்கு. ஒரு அடி கொறையப்படாது" என்றார்.

'வெட்டாத முழுப் படம்' என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. அதைப் பார்த்துவிட்டு மூக்காயி பஸ் ஏறி வந்தாள். தியேட்டர் வாசலில் ராயப்பராஜை நிறுத்தினாள். அவர்தான் அன்றைக்கும் படம் ஓட்டியவர் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏண்ணே, முழுப் படம்னு போட்டிருக்காகளே. வண்டிக்காரன் வாரது வருமா?"

மதுரைப் பிரதி அப்போது பெட்டியைக்கூடத் திறக்காமல் மாடியில் இருந்தது. கடவுளே ஒரு வழி காட்டிவிட்டார் என்று ராயப்பராஜ் நினைத்தார். "வரும் தாயி. ஊரையே கூட்டிக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பெட்டியைத் திறந்தார். முதல் ஆறு ரீல் தேறியது. ஏழாவது டப்பா மூடி வரவில்லை. நெம்பி எடுத்தால் உள்ளே கருப்பட்டிப் பாகு மாதிரி இளகி ஒட்டிக் கிடந்தது. குடலைப் பிரட்டும் நாற்றம். ராயப்பராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாக்குக் கொடுத்தாயிற்று. அவளும் ஊரில் சொல்லியிருப்பாள்.

இருபது நாள் வேலை நடந்தது. மெஷின் பல் மாட்டும் துளை கிழிந்த ஓரங்களுக்குத் துண்டு வைத்தார். எண்ணெய்க் கறையைத் துடைத்தார். பழைய ஒட்டுகளைப் பிரித்து மறுபடி ஒட்டினார். முதலாளி பிரதியின் ஏழாவது ரீலை மட்டும் தொடாமலே தள்ளிக்கொண்டு வந்து, கடைசியில் கையில் எடுத்தார். தான் வெட்டிய ஒட்டு வந்தது. அதற்கு முன்னால் முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஓரத்தில் கறுப்பு மை பூசியிருந்தது. பூசியதும் அவர்தான்.

பேசும் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. உருவம் இருக்கும் இடத்திலேயே அதன் சத்தம் இருக்காது. இருபது கட்டம் முன்னாலேயே ஓரத்தில் கோடாகப் பதிந்திருக்கும். அதனால் ஒரு காட்சியை வெட்டினால், அதன் முதல் பேச்சு மட்டும் முந்தின காட்சியின் ஓரத்தில் தங்கிவிடும். அன்று வெட்டியவுடன் ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பேச்சு அடுத்த காட்சியில் வரும் மரகதவல்லி முகத்தின்மேல் வந்து விழுந்தது. ஜனங்கள் சிரிப்பார்களே என்று மை பூசி அடைத்திருந்தார்.

ராயப்பராஜ் பஞ்சை நனைத்து அந்த மையைத் துடைத்தார். மெஷினில் மாட்டி ஓட்டினார். அரண்மனைக் காட்சி முடிந்து, மரகதவல்லி நந்தவனத்தில் பூக்கூடையோடு வந்தாள். அவள் முகத்தின்மேல் பொம்மையன் கூப்பிட்டார்.

"ஏலே செவலே..."

ஒரு விநாடிகூட இல்லை. கூட இருந்த இரண்டாம் ஆபரேட்டர் கண்ணுசாமி, "ஏதோ இரைச்சல் வருதுண்ணே, மை போட்டு அடைச்சிருவோமா?" என்றார்.

"வேணாம். அது இருக்கட்டும்."

பொங்கல் கழிந்த சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்குச் சாணார்பட்டியிலிருந்து நாற்பது பேருக்குக் குறையாமல் வந்து இறங்கினார்கள். மூக்காயி வெள்ளைச் சேலையை வெளுத்துக் கட்டியிருந்தாள். ஏழாவது ரீல் வந்ததும் ராயப்பராஜ் மெஷினைக் கண்ணுசாமியிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கி, பெண்கள் பக்கத்துக் கதவோரம் நின்றார். வானத்துச் சம்மனசுகளையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

மரகதவல்லி வந்தாள். "ஏலே செவலே" வந்தது. டவுன்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாணார்பட்டிக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏப்பா, இது நம்ம பொம்மையன் சத்தமில்ல?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"செவலைதான் அவன் மாடு. சத்தம் வருது, ஆளைக் காணோமே?"

மூக்காயி எழுந்து நின்றுவிட்டாள். திரையில் தேடினாள். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். ரீல் முடிந்து இடைவேளை விளக்குப் போடும் வரை அவள் உட்காரவில்லை.

ராயப்பராஜ் மாடிக்குப் போயிருக்கலாம். காலும் அந்தப் பக்கம்தான் திரும்பியது. எப்படியோ அதைத் திருப்பிக்கொண்டு சாணார்பட்டிக்காரர்கள் முன்னால் போய் நின்றார்.

"அவரு நடிச்சது சத்தியம். நாலு நிமிசம் வந்தாரு, பாட்டும் பாடினாரு. நான்தான் வெட்டினேன். வந்து கேட்டப்ப, படத்துல இல்லைன்னு பொய் சொன்னதும் நான்தான். அவரு அணைச்ச சூடத்துல பொய்யில்ல."

துக்கத்தில் பொய்ச் சத்தியம் என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாலு பேர் கைநீட்டி அடித்திருந்தால் ராயப்பராஜுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூக்காயி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"இதை அவுக இருக்கையில சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்றாள்.