இஞ்சின் பழகும் முன்னே

திருச்சுழிக்குப் பக்கத்தில், வானம் பார்த்த பூமியில், வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அடுத்தடுத்து மழை பொய்த்த காலத்தில் அப்பாவும் தவறிவிட, படிப்பை விட்டு லாரியில் கிளீனராக ஏறினார்; பிறகு டிரைவரானார். தங்கைகள் எங்கள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் மதினியைக் கைப்பிடித்தார். காலமெல்லாம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், சென்ற ஆண்டு தை கழிந்து, சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வாங்கினார்.

"இஞ்சின் பழகுற வரைக்கும் வெரட்டக் கூடாது, முழு லோடு ஏத்தக் கூடாது" என்று மெக்கானிக் சொன்னதை அண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். நாற்பதைத் தாண்ட மாட்டார். மொபெட்டில் போகிறவர்கள்கூட முந்திக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கரிமூட்டை ஏற்றக் கேட்டு வந்த மாமாவிடம், "கோவிச்சுக்கிறாதீக மாமா, ஒரு மாசம் பொறுங்க. பழகிட்டா உங்க லோடுதான் மொத லோடு" என்றார்.

அந்த ஒரு மாசம் முடியுமுன்னே ஒரு நாள், அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த நான் காலையில் பாலவனத்தத்துக்கு, என் வீட்டுக்குக் கிளம்பினேன். "பஸ்ஸுக்கு ஏன் நிக்கிற? வண்டி எப்படியும் சும்மா ஓடணும். ஏறு தாயி" என்றார். வழியெல்லாம் மிளகாய் லோடு, பருத்தி லோடு என்று பேசிக்கொண்டே வந்தார். அருப்புக்கோட்டை வருவதற்குள் பேச்சு நின்றது. சட்டை நனைய வேர்த்தது. வண்டியை ஓரங்கட்டி, "நெஞ்ச அடைக்குது தாயி" என்று ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. புத்தம் புது வண்டி, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணனைக் கொண்டுபோக நாதியில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். தூரத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். இருபுறமும் கருவேலங்காடு. நடுரோட்டில் நின்று கத்தினேன்.

பைக்கில் வந்த வீரசோழத்துப் பாய் ஒருவர், பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அண்ணனைத் தூக்கி என் மடியில் சாய்த்துவிட்டு, தானே ஓட்டினார். வண்டி அலறிக்கொண்டு பறந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"மெதுவாப் போங்க பாய்... புது இஞ்சின்."

"இஞ்சின் கெடக்கட்டும்ண்ணே. நீங்க கண்ண மூடாதீக!"

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது அண்ணனின் கை என் கைக்குள் துவண்டு கிடந்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

வேறு டிரைவரைப் போட்டு ஓட்டலாம் என்றவர்களிடம் மதினி, "அவுக ஒரு லோடு ஏத்திப் பாக்கலையே" என்று மட்டும் சொன்னார். வண்டியை விற்றோம். வாங்கியவர் முதல் நாளே பாரம் ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார். மதினி கதவைச் சாத்திக்கொண்டார்.

முன்பின் தெரியாத எங்களுக்காக அன்று பொழுது சாயும்வரை ஆஸ்பத்திரியில் நின்ற பாய்க்கும், வீட்டுக்கு வந்து தோள்கொடுத்த சொந்தங்களுக்கும் கைகூப்புகிறோம். காலம் ஆற்றும் என்றீர்கள். ஒரு வருஷம் போய்விட்டது, இன்று அண்ணனுக்குத் தலைத்திவசம்; ஆறவில்லை. ஆறிவிட்டதாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

வந்தவர்கள் அனைவரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மதினிதான் விடியலிலிருந்து அடுப்படியில் நிற்கிறார். சொல்லியும் கேட்கவில்லை.