திரேசக்கா எனக்காக வளர்த்த கஞ்சா

ரொக்ஸ்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் திரேசக்கா இறந்துபோனார். மகள் மரீனா தொலைபேசியில், "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். "ஓம் பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவள் கேட்டபோதும் அதே பதில்தான்.

கோயிலில் அவரோடு செபமாலை சொன்ன உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. நான் சைவக்காரன். அதே நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் அவருடைய வீட்டுக்குக் கீழ்வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவன். என் நரம்பு நோய் இரவு பகல் பாராமல் கால்களை முறுக்கும். மற்ற மருந்துகள் எதுவும் கேட்காததால் டாக்டர் கஞ்சாவுக்குக் கையெழுத்து வைத்தார். இந்த நாட்டு அரசாங்கமும் அனுமதி தந்தது. விரும்பினால் நானே வளர்க்கலாம். ஆனால் ஒரு கோப்பைத் தண்ணீரைக்கூடச் சிந்தாமல் பிடிக்க முடியாத கை எனக்கு. நோயாளிக்காக இன்னொருவர் பெயர் பதிந்து வளர்க்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. இதை அக்காவிடம் சும்மா ஒரு புதினச் செய்தியாகத்தான் சொன்னேன்.

"அப்ப நான் வளர்த்தா என்ன?" என்றார்.

அதற்கு அவர்மேல் குற்றம் எதுவும் இல்லையென்று பொலிஸில் பத்திரம் எடுக்க வேண்டும். மன்னாரிலிருந்து வந்த ஒருவருக்குத் தானாகப் பொலிஸ் வாசலை மிதிப்பது என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, பிரெஞ்சு வணக்கத்தைச் சொல்லிக் காட்டி, "பொன்ஜூர் எண்டன். அவனும் பொன்ஜூர் எண்டான். ஒண்டும் செய்யேல்லை" என்றார். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

செடிகள் மேல்வீட்டுப் பின்னறையில் வளர்ந்தன. படியேற முடியாத நான் அவற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. "உம்மட பிள்ளையள் நல்லா நிக்கினம்" என்று அக்கா அறிக்கை தருவார். கறிவேப்பிலைக்கு ஊற்றுவதைப் போல மீன் கழுவிய தண்ணீரை அவற்றுக்கும் ஊற்றினார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து சண்டை பிடித்தது மீன் நாற்றத்துக்காக. கஞ்சாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் அறுவடையை அக்கா போத்தலில் கொண்டுவந்து தந்த அன்று நான் விடியும்வரை தூங்கினேன். அப்படித் தூங்கிப் பல வருடமாகியிருந்தது.

ஒக்டோபரில் மாதாவின் சுருவச் சிலை வீடு வீடாகப் போகும் முறை உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் அக்காவின் முறை வந்தபோது, கஞ்சா நிற்கும் வீட்டுக்கு மாதாவைக் கொண்டுவர முடியாது என்று சிலர் படியில் நின்று சொன்னார்கள். என் கதவு திறந்திருந்தது. அக்கா சொன்னதும் கேட்டது.

"மாதா வராட்டி நான் மாதாட்டப் போவன். இந்தத் தம்பி ஆரிட்டப் போவார்?"

சொன்னவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், பயம் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் அக்கா என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதார். "விட்டுடுங்கோ அக்கா, நான் சமாளிப்பன்" என்றேன். "விசர்க்கதை கதையாதையும்" என்று மூக்கைத் துடைத்துவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். சுருவம் அந்த வீட்டுக்கு வரவே இல்லை. அக்கா ஒரு ஞாயிறு பூசையையும் விடவில்லை.

அவருடைய அனுமதி அவரோடு முடிந்தது. சட்டப்படி செடிகளை அழிக்க வேண்டியிருந்தது, மரீனா அழித்துவிட்டாள். போத்தலில் இருப்பது இந்த மாதத்துக்குக் காணாது. கால்கள் இப்போதே முறுக்கத் தொடங்கிவிட்டன.

நான் யாரிடமும் எதையும் கேட்காதவன். அதைப் பெருமையாகவும் வைத்திருந்தேன். அக்கா அதற்கு வைத்த பெயர் திமிர். "உமக்கு வருத்தம் கால்ல மட்டுமில்லைத் தம்பி, வாயிலயும் இருக்கு. திறந்து கேளும், ஆக்கள் செய்வினம்" என்பார். அவரிடம்கூட நான் கேட்டதில்லை, அவராகத்தான் வந்தார். அவர் சொன்ன அந்த ஒன்றை நான் வைத்துக்கொள்கிறேன்.

அதனால் கேட்கிறேன். வளர்ப்பவருக்கு வயது பதினெட்டைத் தாண்டியிருக்க வேண்டும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை இருக்கக் கூடாது. வெளிச்சம் போடக்கூடிய ஒரு சின்ன அறை போதும். உங்களில் யார் வருவீர்கள்?