நோமினின் முதல் கத்தரி

அந்தப் பள்ளத்தாக்கில் ஆம்பளைக்கு மோவாயில் பத்து மயிர் முளைத்தாலே பெரிய தாடி. சோய்ஜிலுக்கோ கன்னத்தில் தொடங்கி முதுகு, கை, விரல்கணு வரைக்கும் மண்டிக் கிடந்தது. அவன் அம்மா ஒருமுறை தொலைந்த ஒட்டகத்தைத் தேடி மலைக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினாள். ஊருக்கு அது போதாதா? மலையில் திரியும் 'அல்மஸ்' என்ற மயிர்மனிதன்தான் இவனுக்கு அப்பன் என்று கதை கட்டிவிட்டார்கள். அவள் மலைக்குப் போனது இவன் பிறந்து இரண்டு வருஷம் கழித்து. கணக்குப் பார்க்க யாருக்கு நேரம்!

"என்னப்பா, மலையில உங்கப்பன் சௌக்கியமா?" என்று கேட்டால், "உன்னைத்தான் விசாரிச்சாரு" என்று சொல்லிவிட்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நாற்பத்திமூன்று வயது வரை இப்படித்தான் பிழைத்தான்.

ஒன்றை மட்டும் அவனால் சிரித்துத் தள்ள முடியவில்லை. குழந்தைக்கு முதல் முடி எடுக்கும் விருந்தில், நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோல் கை மாறி மாறிப் போகும். ஆளுக்கொரு கற்றை வெட்டி, இன்னொரு நீலப் பட்டில் போட்டுப் பரிசு கொடுப்பார்கள். இவன் முறை வரும்போது பார்த்து யாராவது ஏதாவது பேச்சைக் கிளப்ப, கத்தரிக்கோல் இவனைத் தாண்டிப் போய்விடும். இவன் கை பட்டால் பிள்ளைக்கும் மயிர் மண்டிவிடுமாம். வெட்டாமலே பரிசைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவான்.

தங்கை துல்மாவின் நாலு வயது மகள் நோமினுக்கு நாள் குறித்த லாமா, முதல் வெட்டு, பன்னிரண்டு மிருக வருஷங்களில் நாய் வருஷத்தில் பிறந்தவர் கையால் நடக்க வேண்டும் என்றார். சோய்ஜில் நாய் வருஷம். இந்தத் தடவை கத்தரிக்கோல் தன்னைத் தாண்டாது என்று நினைத்தான். துல்மாவின் புருஷன் பத்ராக் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று பள்ளத்தாக்கு தாண்டிப் போய், ஜம்பா என்ற இன்னொரு நாய் வருஷத்துக்காரரைப் பிடித்து வந்தான். வழுவழுவென்று மழித்த தலை, முகத்தில் பேருக்கு ஒரு மயிர் கிடையாது.

விருந்தன்று சோய்ஜில் இரண்டு கைகளையும் விரல்கணுவிலிருந்து மணிக்கட்டு வரை மழித்துக்கொண்டு, வெட்டுக்காயங்களோடு கூடாரத்தின் வாசலோரம் உட்கார்ந்தான். லாமா ஜம்பாவிடம் கத்தரிக்கோலை நீட்டும் முன் கேட்டார்: "எந்த மாசம் பொறந்தீங்க?"

"நல்ல குளிர்லங்க. புது வருஷப் பலகாரம் சுடும்போது நான் எங்கம்மா மடியில கிடந்தேனாம்."

"அட, அப்ப வருஷம் பொறக்கறதுக்கு முந்தியே பொறந்துட்டீங்க. நீங்க நாய்க்கு முந்தின சேவல் வருஷம்யா!"

"இத்தனை நாளா நாய்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்!"

கூடாரமே சிரித்தது. பத்ராக் சிரிக்கவில்லை.

"வேற யாரு இருக்கா?" என்றார் லாமா.

"எங்கண்ணன் இருக்காரு" என்றாள் துல்மா.

"ஏய், சும்மா இரு" என்றான் பத்ராக்.

"நீ சும்மா இருய்யா. நான் சும்மா இருந்த வரைக்கும் போதும்." கத்தரிக்கோலை வாங்கி அண்ணன் கையில் வைத்தாள்.

சோய்ஜில் ஒரு கற்றை வெட்டினான். ஒட்டகக் குட்டி ஒன்று தருகிறேன் என்றான். காய்ந்த தயிர்க்கட்டியைச் சப்பிக்கொண்டிருந்த நோமின் அவன் சட்டைக்கையை மேலே தள்ளிப் பார்த்தாள்.

"மாமா, உனக்கு யாரும் முடி எடுக்கலையா?"

"எடுத்தாங்க தங்கம். ஊரையே கூப்பிட்டோம். எங்கம்மா மட்டும்தான் வெட்டுனாங்க."

பிள்ளை கத்தரிக்கோலைப் பிடுங்கி, அவன் முழங்கையருகே ஒரு கொத்தை வெட்டி, தன் முடி கிடந்த நீலப் பட்டிலேயே போட்டாள்.

"ஐயையோ, அதை எடு, எடு!" பத்ராக் பாய்ந்தான்.

"எது யாரோடதுன்னு பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பியா?" துல்மா பட்டை மடித்து முடிச்சுப் போட்டுவிட்டாள். லாமா தடுக்கவில்லை.

வெட்டியவர் பரிசு கொடுக்க வேண்டுமே! நோமின் யோசித்துவிட்டு, வாயிலிருந்த தயிர்க்கட்டியை எடுத்து மாமனிடம் நீட்டினாள். சோய்ஜில் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். அத்தனை பேர் முன்னால், தாடி நனைய அழுதான்.